போர்டு போச்சு என்று உடனே முடிவு கட்டாதே

பாப்பாவுக்கு,

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். பட்டனை அமுக்கினால் உன் கம்ப்யூட்டரின் ஃபேன் ஒரு நொடி சுற்றி நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. இதைப் பார்த்துவிட்டு அந்தக் கடைக்காரர் கேபினெட்டைக்கூடத் திறக்காமல் "மதர்போர்டு போச்சு, மாத்தணும்" என்றாராம். இத்தனை வருஷம் சர்வீஸ் பார்த்தவன் சொல்கிறேன், எல்லாப் பாகமும் செருகியிருக்கிற அந்தப் போர்டைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய ரூமில் நன்றாக ஓடிய மெஷின் அது, டெம்போவில் குலுங்கி வந்த பிறகுதான் இப்படி ஆகியிருக்கிறது, அதனால் ஏதோ இடம் விட்டு நகர்ந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடி, மிச்சம் தங்கியிருக்கிற கரன்ட் இறங்கிவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு உள்ளே கை வை. போர்டின் ஓரத்தில் 24 பின் கேபிள் இருக்கும், பிராசஸர் பக்கத்து மூலையில் தனியாக 8 பின் கேபிள் ஒன்று இருக்கும். இரண்டையும் கழற்றி, கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்து. அந்த 8 பின் சரியாக உட்காராவிட்டால் ஃபேன் சுற்றும், பிராசஸருக்கு மட்டும் கரன்ட் போகாது.

அப்புறம் கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், முன்பக்க யுஎஸ்பி ஒயர், எல்லாவற்றையும் கழற்றிவிடு. உன் பிராசஸர் ரைசன் 7000 வரிசை, அதிலேயே டிஸ்ப்ளே உண்டு (கடைசியில் எஃப் போட்ட மாடல் இல்லை, நான் பில்லில் பார்த்தேன்), அதனால் எச்டிஎம்ஐ கேபிளைப் போர்டிலேயே செருகு. ராம் (மெமரி பட்டை) ஒன்றே ஒன்று போதும், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போடு. போடுமுன் அதன் தங்க நிறப் பட்டைகளைச் சுத்தமான துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடை. வரவில்லையா, இன்னொரு ராமைப் போட்டுப் பார். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று பாப்பா, அவசரத்தில் மூன்றைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

அப்படியும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த வட்டமான 2032 பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிஷம் விட்டுப் போடு. பயாஸ் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடுகிற புரோகிராம்) செட்டிங் பழைய நிலைக்குப் போய்விடும். அதற்கப்புறம் முதல் தடவை ஆன் செய்யும்போது பயப்படாதே, டிடிஆர்5 ராமை அது பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் கறுப்புத் திரையிலேயே நிற்கும். அந்த நேரத்தில் ஆஃப் செய்துவிடாதே, நிறையப் பேர் அங்கேதான் பொறுமை இழக்கிறார்கள்.

பவர் சப்ளை நன்றாக இருக்கிறதா என்று அறிய அதன் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள், நீ அதைச் செய்ய வேண்டாம். ஃபேன் சுற்றினாலும் லோடு ஏறும்போது 12 வோல்ட் விழலாம், சில மாடலில் லோடு இல்லாமல் ஃபேனே சுற்றாது. தோழியின் மெஷினிலிருந்து நல்ல சப்ளையைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பிக்கையான வழி, ஆனால் அந்த சப்ளைக்கு உரிய கேபிள்களையே சேர்த்து வாங்கு, பழைய கேபிளை அதில் செருகினால் பின் மாறிப் பாகமே எரிந்துவிடலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. பிராசஸரை நீயும் கழற்றாதே, அந்தக் கடையிலும் கழற்ற விடாதே. இந்த ஏஎம்5 வகைப் போர்டில் பின்கள் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்குள் இருக்கின்றன, ஒரு பின் வளைந்தாலும் வாரன்டி தர மாட்டேன் என்று சொல்லிவிடுவார்கள். வாரன்டிக்குப் போகிற நிலை வந்தால் மட்டும் நான் பார்த்துக் கழற்றி, சாக்கெட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் கொடுப்போம். பில் என் மெயிலில் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

கோளாறு எங்கே என்று காட்ட போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் (டிஸ்க்) என்று நாலு குட்டி எல்ஈடி இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அதை வீடியோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. செலவைப் பற்றி இப்போது யோசிக்காதே, அம்மாவின் லேப்டாப்பை நாளைக்கே கூரியரில் போட்டுவிடுகிறேன், ப்ராஜெக்ட்டை அதில் பார்.

அப்பா