லூ சுன்னை எங்களுக்குத் திறந்து காட்டியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சீனாவின் ஷாவ்சிங் நகரத்தில், கேச்சியாவ் ஜவுளிச் சந்தையை நம்பிப் பிழைக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து, நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன்னின் கதைகளை வாசிக்கத் தொடங்கினோம். 1923இல் வந்த ‘போர்க்குரல்’, 1926இல் வந்த ‘தடுமாற்றம்’ என்ற இரண்டு தொகுப்புகளையும் முடித்துவிட்டோம். 1881இல் அவர் பிறந்தது இதே ஷாவ்சிங்கில்தான். அவர் ஊரிலேயே இருந்து அவரைப் படிக்கக் கிடைத்தது எங்கள் கொடுப்பினை. ஆனாலும் நீங்கள் கைகொடுக்காவிட்டால் பாதிக் கதை எங்களுக்குப் பிடிபட்டிருக்காது.

முதல் நன்றி, எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் சீன அக்காவுக்கு. ‘குங் யீஜி’ அவர் பள்ளியில் பாடமாகப் படித்த கதை. அந்தக் கதை நடக்கும் சியான்ஹெங் மதுக்கடைக்கு எங்களை அழைத்துப் போனவரும் அவர்தான். லூ சுன்னின் உறவினர் 1894இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் மூடிய கடை அது. எழுத்தாளரின் நூற்றாண்டான 1981இல் மறுபடி திறந்தார்கள். வாசலில் குங் யீஜிக்குச் சிலை இருக்கிறது. அக்கா அங்கே நின்றுதான் எங்களுக்குக் கதை சொன்னார். நீள அங்கி போட்ட வசதியானவர்கள் உள்ளே உட்கார்ந்து குடிப்பார்கள், கூலியாட்கள் வெளியே நின்று குடிப்பார்கள். அங்கியும் போட்டுக்கொண்டு நின்று குடிப்பவர் குங் யீஜி ஒருவர்தான். அரசுப் பணிக்கான அடிமட்டத் தேர்வில்கூடத் தேறாதவர், ஆனாலும் அழுக்கேறிக் கிழிந்த அந்த அங்கியைக் கழற்ற மாட்டார். சரி, ஏழை அறிஞரின் கதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். கடைப் பலகையில் எழுதிய 19 காசு பாக்கியைக் கவனியுங்கள் என்றார் அக்கா. கால் ஒடிந்து, கையை ஊன்றித் தவழ்ந்து வந்த மனிதரிடமும் கடைக்காரர் அந்தப் பாக்கியைத்தான் முதலில் கேட்கிறார். ஆள் வராமல் போன பிறகும் பண்டிகைக்குப் பண்டிகை நினைவுபடுத்துகிறார். அப்புறம் ஒரு பண்டிகைக்கு அதையும் சொல்லவில்லை. நாள் முழுக்க வரவு செலவும் பாக்கியுமாகப் பேசுகிற எங்களுக்கு அந்த இடத்தில் பேச்சே எழவில்லை. பலர் ‘ஆ கியூவின் உண்மைக் கதை’யைத்தான் லூ சுன்னின் உச்சம் என்பார்கள். எனக்கு இந்தச் சின்னக் கதைதான் பெரிது.

பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெரியவருக்கும், அவர் பேச்சை எங்களுக்குப் புரியவைத்த பேத்திக்கும் நன்றி. ‘மருந்து’ கதையில், சயரோகம் பிடித்த மகனுக்காகப் புரட்சிக்காரர் ஒருவரின் இரத்தத்தில் தோய்த்த ரொட்டியை, நோய் தீரும் என்று நம்பி ஒரு தகப்பன் வாங்கி வருகிறான். அதைப் படித்து மனம் கலங்கியிருந்த எங்களுக்கு, லூ சுன்னின் இளமையைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார் பெரியவர். அப்பாவின் நோய்க்காக அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடையாய் நடந்த சிறுவன் அவர். மூன்று வருடப் பனி கண்ட கரும்பு, முதலில் சேர்ந்த ஜோடிச் சில்வண்டு என்றெல்லாம் வைத்தியர் கேட்பாராம். தேடிக் கொடுத்தும் 1896இல் அப்பா போய்விட்டார்.

இருவருமாக லூ சுன்னை ஆங்கிலத்தில் தந்த யாங் சியான்யீ, கிளாடிஸ் யாங் தம்பதி இன்று இல்லை. அந்தப் புத்தகம்தான் எங்கள் எல்லோர் கையிலும் இருந்தது.

‘புத்தாண்டுப் பலி’யை வாய்விட்டு வாசித்த தங்கைக்குத் தனியாக ஒரு நன்றி. மகனை ஓநாய் தூக்கிப் போனதைச் சியாங்லின் மனைவி என்ற ஏழை வேலைக்காரி திரும்பத் திரும்பச் சொல்வதும், முதலில் அழுதுகொண்டே கேட்ட ஊர் பிறகு சலித்துக்கொள்வதும் தங்கையின் குரலில்தான் எங்களுக்கு உறைத்தது.

லூ சுன்னும் இப்படி ஒரு நன்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஜப்பானின் செண்டாயில் மருத்துவம் படித்தபோது அவருடைய பாடக் குறிப்புகளைச் சிவப்பு மையில் வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர் ஃபுஜினோ என்ற ஆசிரியர். படிப்பை விட்டு வந்த பிறகும் லூ சுன் அந்த ஆசிரியரின் புகைப்படத்தைப் பெய்ஜிங் வீட்டுச் சுவரில், எழுதும் மேசைக்கு எதிரே மாட்டி வைத்திருந்தாராம்.

மாடியறையை வாடகை வாங்காமல் விட்டுக்கொடுத்த கடை முதலாளி அண்ணனுக்கும் நன்றி. அடுத்து, 1936இல் வந்த ‘பழங்கதைகள் மறுபடியும்’ தொகுப்பைத் தொடங்குகிறோம். அதில் எட்டுக் கதைகள். சீனப் புராணம் எதுவும் எங்களுக்குத் தெரியாது, அதனால் அக்காவும் பெரியவரும் இந்த முறையும் கூடவே இருக்க வேண்டும்.

அன்புடன்,
கேச்சியாவிலிருந்து, உங்கள் வாசக நண்பன்