குடலில் காற்றுக் கொப்புளங்கள்: மாத்திரை அட்டையையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடல் கட்டிகளைப் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் அடிக்கடி படிக்கிறேன். ஆனால், பார்வைக்குக் கட்டிபோலவே தோன்றி, உள்ளே காற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத கொப்புளங்கள் குடல் சுவரில் உண்டாகும் ஒரு நிலையை (மருத்துவத்தில் ‘நியூமட்டோசிஸ்’) என் அண்ணனுக்கு அது வந்த பிறகுதான் அறிந்தேன்.

சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வரும் அவருக்குச் சென்ற ஆண்டு வயிற்று உப்புசமும், மலத்தில் சளியும், சிறிது இரத்தமும் கண்டன. கொலோனோஸ்கோப்பி (கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்த இடத்தில், பெருங்குடலில் பாலிப்கள் எனும் சதை வளர்ச்சிகள் நிறைய இருப்பதாகவும், பிற்காலத்தில் புற்றுநோயாகக்கூடும் என்பதால் அப்பகுதியை அகற்றிவிடலாம் என்றும் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால் வேறொரு குடல்நோய் மருத்துவரைப் பார்த்தோம். அவர் அண்ணனின் மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசைமேல் பரப்பச் சொன்னார். அவற்றில் வோக்ளிபோஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை இருந்தது. அண்ணனின் குடலில் தெரிந்தவை பாலிப்களாக இல்லாமல் காற்றுக் கொப்புளங்களாக இருக்கலாம் என்று அவர் ஐயப்பட்டார்.

வோக்ளிபோஸ், அகார்போஸ் ஆகிய மருந்துகள் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துகின்றன. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கும்போது ஹைட்ரஜன் முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. அவை சிலருக்குக் குடல் சுவருக்குள் புகுந்து கொப்புளங்களாகத் தங்கிவிடுவதாகக் கருதப்படுகிறது. நாள்பட்ட நுரையீரல் நோய், ஸ்டீராய்டு மருந்துகள் போன்றவற்றோடும் இந்நிலை சேர்ந்து வரும் என்று மருத்துவர் விளக்கினார். டு வெர்னோய் என்பவர் 1730-இலேயே இதை விவரித்திருக்கிறார் என்றும், 1952-இல் தொகுக்கப்பட்ட 213 நோயாளிகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு வேறொரு நோயே அடிப்படையாக இருந்தது என்றும் பின்னர் படித்தேன்.

கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. பாலிப் சதை, இதுவோ காற்று. சி.டி. ஸ்கேனில் காற்று கருப்பாகத் தெரியும் என்பதால், குடல் சுவரை ஒட்டிய கருவட்டங்கள் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. கொலோனோஸ்கோப்பியின்போதே இடுக்கியால் அழுத்தினால் கொப்புளம் அமுங்கும். ஊசியால் குத்தினால் சுருங்கிவிடும். அண்ணனுக்கு ஸ்கேன் இதை உறுதி செய்தது. அந்த மாத்திரையை நிறுத்தி, சில நாட்கள் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். அடுத்த ஸ்கேனில் பெரும்பாலான கொப்புளங்களைக் காணவில்லை. மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை என்பதையும், மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றிய பின்னரே நிறுத்தினோம் என்பதையும் வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

இதைப் படித்துவிட்டு, குடல் சுவரில் காற்று என்றாலே அஞ்ச வேண்டியதில்லை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்த அழுத்தக் குறைவு, இரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது கூடும் பொருள்) உயர்வு, கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் காற்று ஆகியவை சேர்ந்து வந்தால், குடலுக்கு இரத்த ஓட்டம் நின்று அது அழுகத் தொடங்கியிருக்கலாம். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் உயிர்ப் பிரச்சினை. குறைமாதக் குழந்தைகளின் எக்ஸ்ரேயில் இதே அறிகுறி தெரிந்தால், அது குடல் திசு அழுகும் கடும் அழற்சியின் ஆபத்தான அடையாளம். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், நோயாளியின் நிலையையும் அவர் உட்கொள்ளும் மருந்துகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் வேண்டுவது இதனால்தான்.

கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்பும் சீட்டிலேயே நோயாளியின் மருந்துப் பட்டியலையும் எழுதி அனுப்பும் வழக்கத்தை மருத்துவர்கள் ஏற்படுத்த வேண்டும். தங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு குடல்நோய் நிபுணரைக் கொண்டு இதைப் பற்றி விரிவாக எழுதச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈரோடு.