எதிர்வீட்டு மக்சிக் கொடுத்த டப்பா

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? "வேத்து ஆளுங்க நடுவுல எப்படிடா இருக்கே" என்று போனில் கேட்டாய், வேலை அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதான் எழுதுகிறேன்.

இங்கே பெரும்பாலோர் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். 1964இல் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் நடந்து உயிர்கள் போயிருக்கின்றன. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்று, 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்துக்கு எத்தனை பங்கு என்று வரம்பு வைத்துவிட்டார்கள். நான் அறை எடுத்திருக்கும் வீட்டு அண்ணன் போன வருடம் வீட்டை விற்கப் பார்த்தார். நல்ல விலைக்குக் கேட்டது ஒரு சீனக் குடும்பம், ஆனால் புளோக்கில் சீனர் பங்கு நிரம்பிவிட்டதால் கொடுக்க முடியவில்லை, மனிதர் நொந்துபோனார். அவர் நஷ்டப்படுவது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. அதே சமயம் இந்த ஏற்பாடு இல்லாமல் எங்கள் எதிர்வீட்டில் மக்சிக் (மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இருந்திருப்பாரா, அதுவும் தெரியவில்லை.

அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். போன தீபாவளிக்கு நானே சுட்ட முறுக்கை ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கினார், மறுநாள் அப்படியே திருப்பித் தந்தார். "உங்க சட்டியில என்னென்ன சமைப்பீங்களோ, எனக்கு ஹலாலா இருக்கணும், கோவிச்சுக்காதே" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை அம்மா, அவமானமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், வாங்கிக் குப்பையில் போட்டிருக்கலாம் அல்லவா? முகத்துக்கு நேரே சொன்னாரே! அந்த தைரியத்தில் நானும், மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டில் ரெண்டாங் (மசாலாவில் வற்றவைத்த மாட்டிறைச்சி) மணக்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான்.

நோன்புப் பெருநாள் அன்று கதவைத் தட்டினார். கையில் டப்பா, மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி "கோழி மட்டும்" என்று மலாயில் எழுதியிருந்தது. கூடவே கீற்றோலையில் பொதிந்து வேகவைத்த கெத்துப்பாட் சோறு, நம் கொழுக்கட்டை மாதிரி மெத்தென்று இருந்தது.

இந்தத் தீபாவளிக்குப் புதுச் சட்டி வாங்கி, ஹலால் முத்திரை போட்ட எண்ணெயில் அதிரசம் சுட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பாகை எந்தப் பதத்தில் இறக்குவது, மாவை எத்தனை நாள் ஊறவைப்பது, விவரமாக எழுது.

உன் மகன்