பட்டிப்பொல ஐயாவுக்கு நன்றி

திருகோணமலையிலிருந்து ஒன்பது பேர் போய், ஒஹியவில் ரயிலை விட்டு இறங்கி, ஹோர்ட்டன் சமவெளியைத் தாண்டிப் பட்டிப்பொலவுக்கு நடந்தோம். கடற்காற்றில் வளர்ந்த எங்களுக்கு 2,100 மீற்றர் உயரத்துக் குளிர் காதைக் கடித்தது. இறக்கத்தில் என் சப்பாத்தின் அடி வாய் பிளந்தது. பரணில் கிடந்த பழசு, குற்றம் என்னுடையதுதான்.

எதிரே வந்த ஐயா கோவா மூட்டையை இறக்கிவைத்தார். அதன் வாயைக் கட்டியிருந்த சணல் கயிற்றையே அவிழ்த்து, சப்பாத்தைச் சுற்றி, குதிக்கு மேலே இரண்டு முடிச்சுப் போட்டார். காசை வாங்கவில்லை. "ரயில் போய்விடும், நடையுங்கள் தம்பி" என்றார். மூட்டையின் வாயைக் கையால் இறுக்கிப் பிடித்தபடி போனார்.

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையத்தில் மூச்சிரைக்க ஏறினோம். பெயரைக் கேட்கவில்லையே! முடிச்சு வீடு வரை அவிழவில்லை, ஐயா. மிக்க நன்றி.