ஹாலிக்குத் துணை வேண்டும்

நியூ ஜெர்சி குடியிருப்புச் சங்கங்களின் தோட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வேலியோரத்துக்கு அமெரிக்க ஹாலி (என்றும் பசுமையாய் நின்று, சிவப்புப் பழம் தரும் மரம்) வாங்கப் போகிறீர்களா? நல்ல தேர்வு. சாண்டி ஹூக்கின் கடலோர மணலில் காடாகவே நிற்கும் மண்ணின் மரம் இது. மான் அதிகம் கடிக்காது. ஆனால் "வைத்து வருஷமாச்சு, ஒரு பழம்கூட இல்லை" என்ற புலம்பல் எங்கும் கேட்கிறது. தப்பு மரத்தின்மேல் இல்லை.

ஹாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் பெண்ணில்தான், அதற்கும் ஆணின் மகரந்தம் வேண்டும். மே கடைசியில் பூவைக் கிட்டப்போய்ப் பாருங்கள். நான்கு வெள்ளை இதழ்களுக்கு நடுவே கடுகளவு பச்சை உருண்டை இருந்தால் பெண்; மஞ்சள் மகரந்தம் ஒட்டிய நான்கு கேசரங்கள் மட்டும் துருத்தி நின்றால் ஆண். விதைக்கன்றில் இதை அறியப் பல வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் பெயரிட்ட ரகத்தின் ஒட்டுக்கன்றோ, கிளையை வெட்டி வேர்விட வைத்த கன்றோ கேளுங்கள்: பெண்ணுக்கு 'ஜெர்சி பிரின்சஸ்', ஆணுக்கு 'ஜெர்சி நைட்'. ஐந்தாறு பெண்ணுக்கு ஓர் ஆண் போதும், 200 அடிக்குள் இருக்கட்டும். பக்கத்துச் சீன ஹாலியை நம்பாதீர்கள். அது முன்பே பூத்து ஓய்ந்துவிடும்.

அடுத்த எதிரி கத்தரிப்பு மெஷின். பூ வருவது அந்த வருடத் துளிரில். ஜூனில் வேலியைச் சதுரமாகச் செதுக்கினால் பிஞ்சு அத்தனையும் குப்பை மூட்டைக்குள் போகும். வெட்டுவதானால் பனிக்காலக் கடைசியில், கிளை கிளையாக வெட்டுங்கள்.

நடும் குழி வேர்க்கட்டியைவிட இரு மடங்கு அகலம். ஆழம் மட்டும் கட்டியின் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. அடித்தண்டு விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மண்ணின்மேல் பரப்பும் மரத்தூள், சருகு போன்ற மூடாக்கு 2-3 அங்குலம், தண்டைத் தொடாமல். அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண் வேண்டும். சிமெண்டுச் சுவரை ஒட்டி நட்டால் சுண்ணாம்பு கசிந்து இலை வெளிறும். தரை உறையும் முன் நன்றாக நீர் விடுங்கள். இல்லையேல் குளிர்காற்றில் இலை கருகும்.

வசந்தத்தில் பழைய இலை மஞ்சளாகி உதிர்வது இயல்பு. இலைக்குள் வெளிறிய கோடு தெரிந்தால் அது இலைத் துளைப்பான் பூச்சியின் வேலை. அந்த இலைகளைக் கிள்ளிப் போட்டால் போதும். பூக்கும் நேரத்தில் மருந்தடித்தால் தேனீ சாகும், பழமும் போகும்.

பழம் மனிதருக்கு ஆகாது, குழந்தைகள் வாயில் போட்டால் வாந்திதான். ராபின், சீடார் வாக்ஸ்விங் ஆகிய பறவைகளுக்குப் பிப்ரவரியில் அதுவே சோறு. எனவே ஒப்பந்தக்காரரின் ஜூன் கத்தரிப்புப் பட்டியலிலிருந்து ஹாலியை அடித்துவிட்டு, ஆர்டரில் ஓர் ஆண் கன்றைச் சேருங்கள்.

இப்படிக்கு,
உள்ளூர் மரம் வளர்ப்போர் சிலர்