கட்டிலுக்கு ஒரு குப்பி கொடுங்கள், சயாஜி

யாங்கோனில் எங்கள் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும், பர்மிய வழக்கப்படி மரியாதையாகச் சயாஜி என்று நாங்கள் அழைக்கும் தலைமை மருத்துவருக்கும் வணக்கம்.

இதே கோரிக்கையைப் பர்மிய மொழியில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தோம். பதில் வரவில்லை. உங்கள் வார்டில் தமிழ்க் குடும்பங்களும் நிறைய இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும் என்று இப்போது தமிழில் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். கீமோ வார்டில் கட்டிலுக்கு ஒரு குப்பி கை தேய்க்கும் ஆல்கஹால் மருந்து வையுங்கள். கையுறையை மருத்துவமனையே கொடுக்கட்டும்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ ஏற்றிய பிறகு வார்டில் இருக்கும்போதே குளிர்க் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். கையில் போட்டிருந்த ஊசிக் குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று உங்கள் டாக்டர்தான் சொன்னார். அக்கா பிழைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கும் அதே வாரம் காய்ச்சல் கண்டது. அவர் வீடு திரும்பவில்லை. ஏன் என்று அவருடைய மகனுக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

காய்ச்சல் வருவதற்கு முந்தைய காலையில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சயாமா, அதாவது வார்டு நர்ஸ், அந்த அம்மாவின் புண்ணுக்குக் கட்டு மாற்றினார். ஈரமான பழைய துணியை வாளியில் போட்டார். அப்படியே திரும்பி அக்காவின் டிரிப் குழாய் மூடியைத் திறந்தார். அதே கையுறை. "மாத்திக்கலாமே சயாமா" என்றேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க காசில வாங்கினதுதானே தங்கச்சி, ஒவ்வொரு தடவையும் மாத்தினா எத்தனை ஜோடி வாங்குவீங்க?"

கையுறையை நாங்கள்தான் வெளியே மருந்துக் கடையில் வாங்கித் தருகிறோம். கை கழுவலாம் என்றால் குழாய் வராந்தாக் கோடியில் இருக்கிறது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, அதிலும் தண்ணீர் வராது. யாங்கோனில் கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சயாமா மேல் எனக்குக் கோபமே இல்லை. எங்கள் கையில் காசில்லை என்று அவர் இரக்கப்பட்டார். நோயாளியின் உயிர் ஒரு பக்கம், அவள் வீட்டுக் காசு ஒரு பக்கம் என்று ஒரு நர்ஸைத் தவிக்க விட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் கோபம்.

கீமோ முடிந்து 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோபில், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போய்விட்டால் புண்ணில் சீழ்கூடச் சரியாகப் பிடிக்காது. பல பேருக்குக் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அது கண்டதும் 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். எங்களுக்கோ சீட்டு வாங்கி, கடைக்கு ஓடி, கடையில் இல்லையென்றால் அடுத்த தெருவுக்கு ஓடி வருவதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது. அப்படியிருக்க, கிருமி வராமல் தடுப்பதைத்தானே முதலில் செய்ய வேண்டும்?

அதற்குப் பெரிய செலவும் இல்லை. கை தேய்க்கும் மருந்தை மருத்துவமனையிலேயே கலந்துகொள்ள உலக சுகாதார நிறுவனம் கணக்கே கொடுத்திருக்கிறது. 96 சதவீத எத்தனால் 8333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, கிளிசரால் 145 மில்லி. காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி 10 லிட்டராக்கி, 72 மணி நேரம் மூடி வைத்துவிட்டு எடுக்கலாம். கட்டிலருகில் நின்றபடியே 20, 30 விநாடி தேய்த்தால் போதும். கை அழுக்காக இருந்தால், நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தால், சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அதனால் வார்டுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கேட்கிறோம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வார்டு வாசலில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் பளிங்குக் கல்லில் வரிசையாக இருக்கிறது. நம் தமிழர் பெயர்களும் அதில் உண்டு. கட்டில், மின்விசிறி, சுவருக்குப் பெயிண்ட் எல்லாம் வந்தன. பெயர் பொறிக்க முடியாத பொருளுக்குக் கொடுக்க ஆள் வருவதில்லை, நீங்களும் கேட்பதில்லை. கோயில் திருவிழாவுக்கு மூட்டை மூட்டையாக அரிசி இறக்கும் நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனால் வாங்கித் தர மாட்டோம் என்றா சொல்வார்கள்? வசதி உள்ளவர்கள் சென்னைக்கோ பாங்காக்கிற்கோ போய்விடுகிறார்கள். எங்களுக்கு உங்கள் வார்டு ஒன்றுதான் கதி.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சயாஜி. கட்டிலுக்கு ஒரு குப்பி, மருத்துவமனைச் செலவில் கையுறை, வார்டுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. பணம்தான் தடை என்றால் முதல் மாதத்து எத்தனாலை நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கித் தருகிறோம். கலந்து கொடுக்க உங்கள் மருந்தாளருக்கு அனுமதி கொடுங்கள். பதிலை வார்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் தங்கை