மதாம் கிரேயும் அளவுக்கு மீறிய துணியும்

அன்புள்ள மங்கை,

நலம், உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கியிருக்கிறேன் என்பதைத் தவிர என் பக்கம் புதுச் செய்தி இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் நாடே ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது பணக்காரிகளுக்குப் பட்டாடை தைத்தவர்களை எதற்காகக் கொண்டாட வேண்டும் என்று சென்ற கடிதத்தில் சற்றுக் கோபமாகவே கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளரான மதாம் கிரேயைப் பற்றி எழுதுகிறேன்.

1903இல் பிறந்த அவருடைய இயற்பெயர் ஜெர்மேன் கிரெப்ஸ். சிற்பியாக விரும்பியவர், தையலுக்கு வந்து, 1930களில் அலிக்ஸ் என்ற பெயரில் பாரிஸில் புகழ்பெற்றார். 1940இல் ஜெர்மானியப் படை நகரைப் பிடித்தபோது கைக்குழந்தையுடன் தெற்கே போய்த் தங்கினார். அங்கே சிகையலங்காரத்துக்கு ஆள் கிடைக்காமல் கட்டத் தொடங்கிய தலைப்பாகையைப் பிறகு விடவே இல்லை. அலிக்ஸ் என்ற பெயரும் கைவிட்டுப் போகவே, ஓவியரான கணவர் செர்ஜின் பெயரெழுத்துகளை மாற்றிப் போட்டு 'கிரே' ஆகி, 1942இல், ஆக்கிரமிப்புக்கு நடுவிலேயே, சொந்த நிறுவனம் தொடங்கினார்.

அவருடைய கைவேலையைக் கேள். ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலமுள்ள மெல்லிய ஜெர்சி என்னும் பின்னல் துணியை விரலாலேயே மடித்து மடித்து ஏழு சென்டிமீட்டருக்குள் ஒடுக்கி, ஒவ்வொரு மடிப்பையும் உட்புறம் தைத்து நிறுத்துவார். பட்டுப் புடவைக்குக் கொசுவம் வைத்துப் பழகிய நமக்கு அந்தப் பொறுமை ஓரளவேனும் விளங்கும். ஆனால் துணிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்துவிட்ட காலத்தில், நிறுவனங்களுக்கும் மீட்டர் கணக்குக் கட்டிய காலத்தில், இப்படித் துணியை விழுங்கும் முறையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1944 தொடக்கத்தில், அளவுக்கு மீறித் துணி செலவழித்ததாகச் சொல்லி, பலென்சியாகா என்ற இன்னொரு வடிவமைப்பாளரின் நிறுவனத்தோடு இவருடையதையும் மூட ஜெர்மானியர் ஆணையிட்டார்கள். சக நிறுவனத்தார் கைகொடுத்து இந்த இருவருடைய ஆடைகளையும் முடித்துத் தந்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. போட்டிக்குப் பேர்போன தொழில் அல்லவா!

பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்களில் ஆடை காட்டினார் என்பதற்காக அவரைப் போராளி என்று நான் சொல்லமாட்டேன். கள்ளச்சந்தையில் கொழுத்தவர்களின் மனைவிமாரும் அன்றைய நாகரிக ஆடைகளை வாங்கியவர்களே. ஆனால் கடையைத் திறந்து வைத்திருந்ததே குற்றம் என்று நீ சொல்வாயானால், 1939இலேயே ஆடைத் தொழிலை மூடிவிட்டு, ரிட்ஸ் ஓட்டலில் ஜெர்மானிய அதிகாரி ஒருவரின் உறவோடு வாழ்ந்த வடிவமைப்பாளர் கோகோ ஷனேலை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்? இந்தத் தொழிலையே பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் பெயர்த்துக்கொண்டு போக ஜெர்மானியர் முயன்றபோது, ஆடை நிறுவனங்களின் சங்கத் தலைவர் லூசியன் லெலாங் பெர்லின் வரை போய் வாதாடித் தடுத்தார். அவரிடம் வேலை பார்த்த கிறிஸ்டியன் டியோர் ஆடை வரைந்துகொண்டிருந்த அதே 1944இல், ஜெர்மானியருக்கு எதிரான எதிர்ப்பியக்கத்தில் இருந்த டியோரின் தங்கை காதரீன் பிடிபட்டு ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இப்படி இருந்தது.

ஆகவே, கிரேயின் வாடிக்கையாளர்களுக்காக அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அந்த மடிப்புகளுக்காக மதிப்பும் உண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. 2011இல் பாரிஸின் பூர்தெல் அருங்காட்சியகத்தில் சிற்பங்களுக்கு நடுவே அவருடைய ஆடைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் படங்கள் சிலவற்றை இத்துடன் அனுப்புகிறேன். பார்த்துவிட்டு, மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுது.

அன்புடன்,
வசந்தா